எதிர் நாற்காலியிலிருந்து பார்த்தது

பள்ளிக்கூடத்தில் மனநல ஆலோசகராக வேலை பார்த்த எட்டு வருஷமும் என்னைப் பற்றி ஒரு பேச்சு இருந்தது. "அந்த மிஸ் ரூமுக்குப் போனா அழுகை நின்னுரும்." பரீட்சைக்குப் பயந்து வாந்தி எடுத்த பிள்ளையைக் கூட்டி வருவார்கள். நான் முதுகைத் தடவுவேன், தண்ணீர் கொடுப்பேன், "ஒண்ணும் ஆகாதுடா, இன்னைக்கு எழுத வேணாம், நான் சொல்லிக்கிறேன்" என்பேன். பத்து நிமிடத்தில் அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே போய்விடும். அடுத்த பரீட்சைக்கு மறுபடி வரும். அதற்கடுத்த பரீட்சைக்கும் வரும். ஏன் மறுபடி மறுபடி வருகிறது என்று நான் யோசித்ததே இல்லை. என்னைப் பிடித்துப்போய் வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முப்பத்தாறு வயதில் அந்த வேலையை விட்டுவிட்டு, மதுரை கே.கே. நகரில் பயத்துக்கும் பதற்றத்துக்கும் மட்டும் சிகிச்சை தரும் ஒரு சிறிய மருத்துவமனையில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். நடத்தியவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண் உளவியல் நிபுணர். நாங்கள் மேடம் என்று கூப்பிடுவோம். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர். என்னோடு பயிற்சிக்கு வந்த இன்னொருவர் கம்ப்யூட்டர் கம்பெனி வேலையை விட்டுவிட்டு உளவியல் படித்தவர். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். அவர் என்னை அக்கா என்பார், நான் தம்பி என்பேன்.

முதல் நாளே மேடம் மேஜைமேல் ஒரு வி.ஆர். ஹெட்செட்டை எடுத்து வைத்தார். கண்ணை முழுக்க மூடிக்கொள்ளும் பெரிய கறுப்புக் கண்ணாடி. இரண்டு கைக்கும் இரண்டு பிடிகள்.

"நோயாளிகளுக்கா மேடம்?" என்று கேட்டேன்.

"இல்ல, உங்களுக்கு."

பயத்துக்கான சிகிச்சையைச் சொல்வது எளிது. லிஃப்டுக்குப் பயப்படுகிறவரை லிஃப்டுக்குள் நிற்க வைக்க வேண்டும். பயம் ஏறும். ஏறட்டும் என்று விட வேண்டும். ஓடாமல் அதோடு நின்றால், தான் பயந்த எதுவும் நடக்கவில்லை என்பதை உடம்பு கற்றுக்கொள்ளும். பாதியில் வெளியே கூட்டி வந்துவிட்டால், தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்று அதே உடம்பு முடிவு கட்டிவிடும். இதைப் பரீட்சைத் தாளில் நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். ஆனால் எதிரே ஒரு மனிதர் நடுங்கிக்கொண்டிருக்கும்போது கூட இருப்பதை எந்தத் தாளிலும் எழுதிப் பழக முடியாது. நிஜ நோயாளியிடம் பழகினால், நம்முடைய தவறுக்கு அவர் கஷ்டப்பட வேண்டும். அதனால் முதலில் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நோயாளி.

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் ஒரு சிகிச்சை அறை தெரியும். எதிர் நாற்காலியில் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண், வயது முப்பது இருக்கலாம். லிஃப்டைக் கண்டால் பயம். அவளோடு பேசி, அவளை லிஃப்டுக்கு அழைத்துப் போய், கதவை மூடி, கூடவே நிற்க வேண்டும். பக்கத்து அறையில் மேடமோ தம்பியோ லேப்டாப் முன் உட்கார்ந்து அவள் எப்போது அழ வேண்டும், எப்போது கெஞ்ச வேண்டும் என்று அழுத்திக்கொண்டிருப்பார்கள். லிஃப்டின் கதவுக்கு அருகே ஒரு சிவப்புப் பொத்தான். அதை நான் தொட்டால் கதவு திறந்துவிடும். சிகிச்சை அத்தோடு முடிந்தது.

முதல் தடவை நான் நூற்றுக்கு நூறு வாங்கினேன். காரணம், அந்தப் பெண் பேசிய தமிழ். "எனக்கு மிகவும் அச்சமாக உள்ளது. தயவுசெய்து கதவைத் திறந்துவிடுங்கள்" என்றாள், வானிலை அறிக்கை வாசிப்பதுபோல. எனக்குச் சிரிப்பை அடக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் பாட்டுக்கு அச்சப்பட்டுக்கொண்டிருந்தாள். நான் பாட்டுக்குப் பாடத்தில் படித்த கேள்விகளைக் கேட்டு முடித்தேன்.

வெளியே வந்து, "இது சுலபமா இருக்கு மேடம்" என்றேன்.

"மதுரையில எவ இப்படிப் பேசிப் பயப்படுறா?" என்று கேட்டுவிட்டு மேடம் உள்ளே போய்விட்டார்.

அடுத்த வாரம் முழுக்க அந்த மருத்துவமனையில் ஒரு அறையிலிருந்து ஓலம் கேட்டுக்கொண்டிருந்தது. வரவேற்பில் டோக்கன் கொடுக்கும் பெண்ணுக்கு உசிலம்பட்டிப் பக்கம். என் ஊரும் அந்தப் பக்கம்தான். வீட்டில் யாரைப் போலவும் பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைக்கிறவள் என்று மேடத்துக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவளை, எதிரொலி வராமல் இருக்கப் போர்வை தொங்கவிட்ட அறைக்குள் உட்கார வைத்து, தம்பி மைக் பிடிக்க, எல்லா வசனத்தையும் அவள் குரலிலேயே மறுபடி பதிவு செய்தார்கள். "அழுவணுமா, சும்மா விசும்பணுமாண்ணே?" என்று அவள் கேட்பது வராந்தா வரை கேட்கும்.

புதிய குரலோடு நான் உள்ளே போனேன். அதே அறை, அதே பச்சைச் சேலை. லிஃப்டின் கதவு மூடியது.

"யக்கா," என்றாள் அவள். "யக்கா, நெஞ்ச அடைக்குதுக்கா. மூச்சு வர மாட்டேங்குது. கதவத் தொறங்கக்கா. எம்புள்ளைகள பாக்கணும்க்கா."

அதன்பின் அவள் மூச்சு வாங்க ஆரம்பித்தாள். வார்த்தை இல்லை, வெறும் மூச்சு.

நான் சிவப்புப் பொத்தானை அடித்துவிட்டேன். கதவு மூடி நாற்பது விநாடிகூட ஆகவில்லை என்று தம்பி பிறகு சொன்னார். ஹெட்செட்டைக் கழற்றியபோது என் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. பக்கத்து அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போய், "அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டேன். அது கம்ப்யூட்டர் என்பது அப்போது எனக்கு ஞாபகம் இல்லை. வரவேற்பில் குரலுக்குச் சொந்தக்காரி வறுகடலை கொறித்துக்கொண்டு டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து மறுபடி. இந்த முறை பொத்தான் பக்கமே கை போகக் கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறக்கவில்லை. ஆனால் வாய் ஓயவில்லை. "ஒண்ணும் ஆகாதும்மா, நான் இருக்கேன்ல, இந்தா முடிஞ்சுருச்சு, பயப்படாத, இன்னும் கொஞ்சந்தான், லிஃப்ட் எல்லாம் புதுசு, ஒண்ணும் ஆகாது." அவள் ஒரு தடவை மூச்சு விட்டால் நான் நான்கு தடவை ஆறுதல் சொன்னேன்.

மேடம் ஒரே வரியில் முடித்துவிட்டார். "கையால தொறக்கல. வாயால தொறந்துட்டீங்க."

மூன்றாவது முறை பேச்சையே நிறுத்திவிட்டேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் கெஞ்சினாள், நான் சுவரைப் பார்த்தேன். "இப்ப என்ன, போலீஸ் ஸ்டேஷனா?" என்றார் மேடம். இதற்குள் தம்பி எல்லாக் கட்டத்தையும் தாண்டி நிஜ நோயாளிகளைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

அன்று மாலை விளாங்குடியில் என் வீட்டுக்குத் திரும்பி, ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். அம்மா என்னோடுதான் இருக்கிறாள். உசிலம்பட்டிப் பக்கம் அடுத்தவர் காட்டில் களை எடுத்தும் கடலை பிடுங்கியும் என்னைப் படிக்க வைத்தவள். என்ன ஏது என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப அது நெசப் பொம்பள இல்லையா?"

"இல்லம்மா. பொம்ம மாதிரி."

"ஒரு பொம்மைக்காகவா இம்புட்டு நேரம் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்று சொல்லிவிட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள்.

மறுநாள் மேடத்திடம் போய், எனக்கு இது வராது, பள்ளிக்கூட வேலைக்கே திரும்பிப் போகிறேன் என்றேன். நிஜமாகவே ராஜினாமாக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் அதை வாங்கிப் பிரிக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு, "போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ மாட்டிப் பாருங்க. இன்னைக்கு நீங்க எதுவும் செய்ய வேணாம். சும்மா உக்காந்து பாத்தாப் போதும்" என்றார்.

மாட்டினேன். அறை திரும்பியிருந்தது. குனிந்து பார்த்தால் மடியில் பச்சைச் சேலை. நான் எதிர் நாற்காலியில், நோயாளியின் இடத்தில் இருந்தேன். எனக்கு முன்னால் வெளிர்நீலச் சுடிதார் போட்ட ஒரு உருவம் உட்கார்ந்திருந்தது. அதன் முகம் என் முகம் இல்லை, ஆனால் குரல் என்னுடையது. தலை அசைந்ததும் கைகள் நகர்ந்ததும் நான் முதல் முறை தோற்ற அன்று அசைத்தபடியே. ஹெட்செட் எல்லாவற்றையும் பதிந்து வைத்திருந்தது.

லிஃப்டுக்குப் போனோம். கதவு மூடியது. என் காதுக்குள் உசிலம்பட்டிக் குரல் "யக்கா" என்று ஆரம்பித்தது. அது இன்னும் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. மூச்சு வாங்கவும் தொடங்கவில்லை. அதற்குள் எனக்கு எதிரே நின்ற அந்த உருவம், அதாவது நான், தலையைத் திருப்பிக் கதவைப் பார்த்தேன். மறுபடி பார்த்தேன். என் வலது கை மெதுவாக மேலே எழும்பிப் பொத்தானுக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றது. அதன் பிறகுதான் அந்தப் பெண், "கதவத் தொறங்கக்கா" என்றாள்.

லேப்டாப்பில் அந்த வசனத்தை அழுத்தியது தம்பி. ஆனால் எதிர் நாற்காலியில் இருந்து பார்க்கும்போது ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எனக்கு வைத்தியம் பார்க்க வந்தவளே கதவைப் பார்க்கிறாள் என்றால், இந்த இடம் ஆபத்தானது என்றுதான் அர்த்தம். நானாக இருந்தாலும் திறக்கத்தான் சொல்லியிருப்பேன். அந்த லிஃப்டில் முதலில் பயந்தது நோயாளி இல்லை.

கண்ணாடியைக் கழற்றியதும் மேடத்திடம் நானாகத்தான் சொன்னேன். அம்மாவுக்கு இளைப்பு நோய் உண்டு. நான் நாலாவது ஐந்தாவது படிக்கும்போது மழைக்காலங்களில் மூச்சு இழுத்துக்கொள்ளும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்தச் சத்தம் கேட்டதும் நான் எழுந்து ஓட வேண்டும். மெயின் ரோட்டுக்கு ஓடி யாரையாவது மறித்து வண்டி பிடிக்க வேண்டும். யோசித்துக்கொண்டு நின்றால் அம்மா இல்லை. அப்படி ஓடி ஓடித்தான் அம்மா இன்றைக்கு எனக்குத் தோசை சுட்டுத் தருகிறாள். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டால் ஓடு என்பது என் காலுக்குள் இறங்கிப்போன பாடம்.

"அந்த ஓட்டம் சரியான ஓட்டம்," என்றார் மேடம். "அத மறக்க வேண்டாம். ஆனா இங்க வர்றவங்களுக்கு நெஞ்சுல நோய் இல்லன்னு டாக்டர் பாத்துட்டுத்தான் அனுப்புறாங்க. உங்களுக்கும் அந்தப் பொம்மைக்கும் ஒரே வைத்தியம்தான். நில்லுங்க."

கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன்பின் வந்த மூன்று வாரங்களில் எத்தனை தடவை அந்த லிஃப்டுக்குள் நின்றேன் என்று கணக்கில்லை. சிகிச்சை கொடுப்பதை விட்டுவிட்டு, வெறுமனே நிற்பதை மட்டும் பழகினேன். அவள் மூச்சு வாங்குவாள், என் நெஞ்சு அடிக்கும். அடிக்கட்டும் என்று விடுவேன். கை எழும்பினால், எழும்புகிறது என்று கவனிப்பேன். தம்பி சாப்பாட்டு நேரத்தை எல்லாம் எனக்காக விட்டுக்கொடுத்து லேப்டாப் முன் உட்கார்ந்தார். முதலில் பாவப்பட்டு மெதுவாக அழுத்தியவர், நான் கேட்டுக்கொண்டதன் பேரில் கொஞ்சமும் இரக்கமில்லாமல் அழுத்த ஆரம்பித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். லிஃப்டின் கதவு மூடியது. அவள் அழுதாள், என் கையைப் பிடிக்க வந்தாள், பிள்ளைகளைச் சொல்லிக் கெஞ்சினாள்.

"கஷ்டமாத்தான் இருக்கு, தெரியுது," என்றேன். "பயம் பத்துக்கு எம்புட்டு இருக்கு?"

"ஒம்போதுக்கா."

"ஒம்போதோடயே நிப்போம். நானும் இங்கதான் நிக்கிறேன். ஒடம்புல எங்க தெரியுது சொல்லுங்க."

"நெஞ்சுல. கையெல்லாம் நடுங்குது."

"நடுங்கட்டும். என்ன ஆகிரும்னு நெனைக்கிறீங்க?"

"செத்துருவேன்க்கா."

அந்த வார்த்தைக்கு என் தலை கதவுப் பக்கம் திரும்பவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி. அது நடக்குதான்னு ரெண்டு பேரும் பாப்போம்." பிறகு பேசாமல் இருந்தேன். கல் மாதிரி இல்லை, கூட ஒருத்தர் இருப்பது மாதிரி. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மூச்சு வாங்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி விட ஆரம்பித்தது.

"இப்ப எம்புட்டு?"

"ஏழு... ஆறு இருக்கும்க்கா." அப்புறம் அவள் சொன்னாள், "சாகல."

பக்கத்து அறையிலிருந்து "அக்கா, சூப்பர்க்கா!" என்று ஒரு கத்தல் கேட்டது. இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த டோக்கன் கொடுக்கும் பெண், "எங்குரலயே இந்த அக்கா சமாளிச்சுருச்சே" என்று கைதட்டினாள். மேடம் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்தேன். "திங்கக்கிழமை உங்களுக்கு ஒரு நோயாளி வாரார்" என்றார். அவர் அகராதியில் அதுதான் பாராட்டு.

திங்கட்கிழமை வந்தவர் ஒரு சிவன் கோயில் குருக்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவர் சம்மதம் சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன். அவரை யார் என்று கண்டுபிடிக்க உதவும் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கோயில், திண்டுக்கல் ரோட்டுப் பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மனைவியோடு வந்திருந்தார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வாசல் கதவு திறந்திருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

போன வருஷம் ஒரு பிரதோஷத்தன்று நல்ல கூட்டம். திரையை விலக்கித் தீபாராதனைத் தட்டைத் தூக்கியபோது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்திருக்கிறது. கண் இருட்டியது, கை நடுங்கியது. எரிகிற தட்டோடு சனங்களின் நடுவே விழுந்துவிடுவோம் என்று தோன்றியிருக்கிறது. கூடவே பூஜை செய்யும் தன் சொந்தத் தம்பியிடம் தட்டைக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். இதய மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லி எங்களிடம் அனுப்பினார். அன்றிலிருந்து யாரும் வராத அதிகாலைப் பூஜை மட்டும் இவருடையது. கூட்டம் வரும் நாளெல்லாம் தம்பிக்கு. கல்யாணங்களுக்குப் போவதில்லை. பஸ் ஏறுவதில்லை.

"பன்னண்டு வயசுலேர்ந்து தட்டத் தூக்கறேன்," என்றார். "இப்போ தட்டப் பாத்தாலே பயமா இருக்கு. இத எப்படி வெளில சொல்றது?" கொஞ்சம் பொறுத்து, "நீங்க எந்த ஊர்மா?" என்றார்.

உசிலம்பட்டிப் பக்கம் என்று ஊர்ப் பேரைச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் அந்தக் கேள்விக்குப் பிறகு இன்னொரு கேள்வி வரும்; எந்தத் தெரு என்று. சின்ன வயதிலிருந்தே அந்த இரண்டாவது கேள்விக்கு என் தோள்பட்டை தானாக இறுகும். அன்றும் இறுகியது. அவர் கேட்கவில்லை. "அவ்வளவு தூரத்துலேர்ந்தா படிச்சு வந்தேள்?" என்று மட்டும் சொன்னார்.

சிகிச்சையைச் சின்னதிலிருந்து தொடங்கினோம். அவர் பயந்தது கூட்டத்துக்கு அல்ல, கூட்டத்தில் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதற்கு. அதனால் மருத்துவமனை மாடிப்படியில் இரண்டு பேரும் ஏறி இறங்கி ஓடினோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் ஓட, நான் பின்னால் ஓட, தம்பி கடிகாரம் பார்த்தார். நெஞ்சு அடிக்கும்போது நின்று, "இப்ப என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க சாமி?" என்று கேட்பேன். "மயங்கி விழுவேன்." விழவில்லை. சுழல் நாற்காலியில் சுற்றவிட்டோம். தலை சுற்றியது. விழவில்லை. பிறகு ஒரு சின்னத் தட்டில் கற்பூரம் ஏற்றி எங்கள் அறைக்குள் நடந்தார். முதலில் என் முன்னால் மட்டும். பிறகு டோக்கன் கொடுக்கும் பெண், தம்பி, கம்பவுண்டர், மேடம் எல்லோரும் நெருக்கி நிற்க, நடுவில். எல்லோரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மேடமும்தான்.

ஐந்தாவது வாரம் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போவது என்று முடிவு செய்தோம். முகூர்த்த நாளுக்கு முந்தின காலை. மூட்டைகள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. "ஓரம், ஓரம்!" என்ற சத்தம். இடிக்காமல் இரண்டு அடி வைக்க முடியாது. நடுவில் மல்லிகை குவித்திருந்த இடத்துக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"அம்மா, போயிடலாம். வந்துடுத்து. விழுந்துடுவேன்."

அவர் மூச்சு வாங்க ஆரம்பித்தார். நிஜ மூச்சு. லேப்டாப்பில் யாரும் அழுத்தவில்லை. என் வலது கை தோள்பைக்குள் போய் ஸ்கூட்டர் சாவியைப் பிடித்துவிட்டது. சாவியின் குளிர்ச்சி விரலில் பட்டபோதுதான் எனக்கே தெரிந்தது. அந்தக் கையை வெளியே எடுத்தேன், வெறுங்கையாக. வெளியே போகும் வழி எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

"பயம் பத்துக்கு எவ்வளவு சாமி?"

"பத்து. பதினொண்ணு."

"சரி, பதினொண்ணோட நிப்போம். நெஞ்சு அடிக்குதா?"

"அடிக்கறது."

"மாடிப்படியில அடிச்ச மாதிரியா, அதுக்கும் மேலயா?"

அவர் ஒரு விநாடி யோசித்தார். அந்த நிலையிலும் நேர்மையாக யோசித்தார். "அதே மாதிரிதான்."

பூக்கடைக்காரர் நிமிர்ந்து, "சாமி, பூ வேணும்னா சொல்லுங்க, இல்ல கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வழியில நிக்கிறீங்கல்ல" என்றார்.

"நிக்கறதுக்குத்தான்யா வந்திருக்கேன்!" என்று குருக்கள் சத்தம் போட்டார். அவர் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கு அதுவரை தெரியாது. கடைக்காரர் திகைத்துப்போய் அவருக்கு ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டார். அவர் உட்காரவில்லை. அந்த மல்லிகைக் குவியலுக்கு முன்னால் இருபது நிமிடத்துக்கு மேல் நின்றோம். எட்டு என்றார், ஆறு என்றார், திடீரென்று மறுபடி ஒன்பது என்றார், பிறகு நாலு. கடைசியில் குனிந்து பூவை அள்ளி மோந்து பார்த்து, "பழைய பூவையும் கலந்து வச்சிருக்கான் பாருங்கோ" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். அவர் கண்ணுக்கு வேறு எதையாவது பார்க்க நேரம் கிடைத்துவிட்டது என்று அப்போது தெரிந்தது.

அடுத்த பிரதோஷத்துக்குத் தானே தட்டு எடுப்பதாகச் சொன்னார். நானும் வரட்டுமா என்று மேடத்திடம் கேட்டேன்.

"போங்க. ஆனா அவர் கண்ணுல படாத எடத்துல நில்லுங்க. உங்களப் பாத்தா, நீங்களே அவருக்குத் தப்பிக்கிற வழியாயிருவீங்க."

அம்மாவும் கிளம்பிவிட்டாள். சாயங்காலம் நாலரைக்கே கோயில் நிரம்பிவிட்டது. நந்திக்கு அபிஷேகம் முடிந்து, சனங்கள் சன்னதிப் பக்கம் நெருக்கினார்கள். நான் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அம்மா என்னை விட்டுவிட்டு முன்வரிசைக்கு முண்டிக்கொண்டு போய்விட்டாள்.

மணி அடித்தது. திரை விலகியது. தட்டு முழுக்கச் சுடரோடு அவர் திரும்பினார்.

திரும்பியவர் நின்றார். கூட்டத்துக்கு அது ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. தட்டின் சுடர் நடுங்கியது. பக்கத்தில் அவருடைய தம்பி கையை அரையடி நீட்டினார், வாங்கிக்கொள்வதற்குத் தயாராக. தூணுக்குப் பின்னால் என் நெஞ்சு அவருடையதைவிட வேகமாக அடித்திருக்கும். ஒரு எட்டு எடுத்து வைத்து முன்னால் போனால் அவர் என்னைப் பார்த்துவிடுவார். நான் போகவில்லை. தூணின் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் தம்பியைப் பார்த்துத் தலையை இல்லை என்று அசைத்தார். தட்டை மேலே தூக்கினார். சுடர் நடுங்கிக்கொண்டேதான் சுற்றியது, ஆனால் சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. மந்திரம் முதலில் கம்மலாக வந்து, பிறகு அந்தப் பூ மார்க்கெட் குரலாக உயர்ந்தது. சனங்கள் கையை உயர்த்திக் கும்பிட்டார்கள். அவர்கள் கும்பிட்டது சிவனை. நான் எதைக் கும்பிட்டேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் கையெடுத்துக் கும்பிட்டேன்.

தட்டைத் தம்பியிடம் கொடுக்காமல் அவரே கூட்டத்துக்குள் இறங்கினார். இரண்டு பக்கமும் கைகள் நீண்டன. முன்வரிசையில் அம்மாவின் உள்ளங்கையில் திருநீறு விழுந்ததைப் பார்த்தேன். அவள் அதைப் பூசிக்கொண்டதோடு நிற்காமல், கொஞ்சம் எனக்காகவும் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். அப்படியே வரிசையாக வந்து தூணுக்குப் பின்னால் இருந்த என்னையும் அவர் கண்டுபிடித்துவிட்டார். வேர்வை நெற்றித் திருநீற்றைக் கரைத்துக்கொண்டிருந்தது. குனிந்து ரகசியம்போலச் சொன்னார்.

"பத்துக்கு ஒம்பது."

"இப்பவா?"

"இப்பவேதான். நெஞ்சு என்னமா அடிக்கறது தெரியுமா?" முகமெல்லாம் சிரிப்பு. "அது பாட்டுக்கு அடிக்கட்டும். நேக்கு இன்னும் அம்பது பேருக்குத் தட்டுக் காட்டணும்." சொல்லிவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்துவிட்டார்.

பள்ளிக்கூடத்தில் எட்டு வருஷமாக நான் பயத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து அனுப்பிய பிள்ளைகளை அந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். ஒன்பதோடு தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியும் என்று அவர்களில் ஒருவருக்குக்கூட நான் காட்டிக் கொடுக்கவில்லை. வருத்தம்தான். ஆனால் அந்த மாலையில் அந்த வருத்தத்தால் என் சந்தோஷத்தைக் குறைக்க முடியவில்லை.

வெளியே பிராகாரத்தில் குருக்களின் மனைவி தொன்னையில் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு வந்தார். "மத்தியானம் சாப்பிடவே இல்ல. ஒரு வார்த்த பேசல. நான் வாசல்லயே நின்னுண்டிருந்தேன், எங்க ஓடி வந்துடுவாரோன்னு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து குருக்கள் சத்தமாக யாரையோ வரிசையில் வரச் சொல்லிக்கொண்டிருந்தார். "இப்போ பாருங்கோ, வாயே மூடல."

அம்மா இரண்டு தொன்னைச் சுண்டலோடு வந்தாள். மேடத்துக்கு போன் செய்தேன். இரண்டாவது ரிங் முடிவதற்குள் எடுத்தார். காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"தூக்குனாரா?"

"தூக்கினார் மேடம். ஒம்போதோட."

அந்தப் பக்கம் ஒரு கைதட்டல் கேட்டது. ஒரே ஒரு ஆள் தட்டுகிற கைதட்டல். அதற்குப் பின்னால் தம்பியின் குரல், டோக்கன் கொடுக்கும் பெண்ணின் விசில். ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து அந்த போனுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். நான் ஸ்பீக்கரைப் போட்டுக் கோயில் வாசலில் நின்றபடி அதைக் கேட்டேன். அம்மா சுண்டலை மென்றுகொண்டே, "யாருடி அது, இம்புட்டுச் சத்தம் போடுறாங்க?" என்று கேட்டாள்.